எந்த வேகம், எந்தப் படகு?

வட அமெரிக்காவின் மேற்குக் கரையை வரைபடத்தில் பார்த்தால், வாஷிங்டன் மாநிலத்துக்கு வடக்கே கரைக்கோடு நொறுங்கிக் கிடப்பது தெரியும். ஆயிரக்கணக்கான தீவுகள். அவற்றுக்கும் பெருநிலத்துக்கும் இடையே குறுகலான நீர்வழிகள். சியாட்டில் நகரை ஒட்டிய பியூஜெட் சவுண்டில் தொடங்கி, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா கரையோரமாகச் சென்று, அலாஸ்காவின் ஸ்காக்வே வரை போகும் இந்த வழிக்கு இன்சைட் பாசேஜ் என்று பெயர். நீளம் ஏறத்தாழ 1,000 கடல் மைல். பசிபிக்கின் பேரலைகளை வழியின் பெரும்பகுதியில் தீவுகள் தடுத்துவிடுகின்றன. அதனால் இரண்டு பேர் மட்டும் ஓட்டிச் செல்லும் சிறிய மோட்டார் படகும் இங்கே தைரியமாகப் போகலாம். ஒவ்வொரு கோடையிலும் நூற்றுக்கணக்கான படகுகள் போய்வருகின்றன. அவற்றில் பல பணி ஓய்வு பெற்றவர்களின் வீட்டுப் படகுகள். தூங்க ஓர் அறை, சமைக்க ஓர் இடம், சுக்கானைப் பிடிக்க ஒரு கண்ணாடி அறை, கீழே ஒரு டீசல் எஞ்சின்.

இப்படி ஒரு படகை வாங்க நினைப்பவர் வழக்கமாக முதலில் கேட்பது, எஞ்சின் எத்தனை குதிரைசக்தி, எத்தனை படுக்கையறை என்பதைத்தான். எரிபொருள் செலவும் பயணத்தின் சுகமும் இந்த இரண்டால் அதிகம் தீர்மானமாவதில்லை. எந்த வேகத்தில் போகப் போகிறோம் என்பதே இரண்டையும் தீர்மானிக்கிறது. வேகத்தை முடிவு செய்துவிட்டால் படகின் வடிவம் தானாக வந்து நிற்கும். வடிவம் முடிவானால் எஞ்சின், எடை, ஆட்டம், சத்தம் எல்லாம் அதன் பின்னால் வரிசையாக வரும். ஏன் அப்படி என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதலில் ஓர் அளவு. கடலில் வேகத்தை நாட் என்ற அலகில் சொல்வார்கள். ஒரு மணி நேரத்தில் ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர், கடந்தால் அது ஒரு நாட்.

தண்ணீரில் போகும் படகை இரண்டு தடைகள் பிடித்திழுக்கின்றன. ஒன்று உராய்வு. படகின் நனைந்த பரப்பு முழுவதும் நீர் ஒட்டி இழுபடுகிறது. மற்றொன்று அலை. படகு முன்னேறும்போது நீரைத் தள்ளி அலைகளை எழுப்புகிறது. அந்த அலைகளை எழுப்பும் சக்தியும் எஞ்சினிலிருந்துதான் வர வேண்டும். இந்த இரண்டையும் பிரித்து அளந்தவர் வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். 1872இல் இங்கிலாந்தின் டார்க்கீ நகரில், கடற்படையின் உதவியோடு ஒரு நீண்ட நீர்த்தொட்டியைக் கட்டினார். அதில் சிறிய மாதிரிக் கப்பல்களை இழுத்துப் பார்த்து, பெரிய கப்பலுக்கு எவ்வளவு சக்தி வேண்டும் என்று கணக்கிடும் முறையை உருவாக்கினார். இன்றுவரை கப்பல் வடிவமைப்பு அந்த அடித்தளத்தில்தான் நிற்கிறது.

மெதுவாகப் போகும்போது உராய்வே பெரிய தடை. வேகம் கூடக் கூட அலைத் தடை மேலெழுந்துவிடும். காரணம் அலையின் இயல்பிலேயே இருக்கிறது. கடல் அலை எவ்வளவு வேகமாகப் போகிறதோ அவ்வளவு நீளமாக இருக்கும். படகு எழுப்பும் அலையும் படகின் வேகத்திலேயே கூட வருகிறது. ஆகவே படகு விரைய விரைய, அணியத்தில், அதாவது முன்முனையில், எழும் அலைக்கும் அதற்கு அடுத்த அலைக்கும் உள்ள இடைவெளி நீண்டுகொண்டே போகும். ஒரு கட்டத்தில் அந்த இடைவெளி படகின் நீளத்துக்குச் சமமாகிவிடும். அதைத் தாண்டினால் அணியம் அலையின் முகட்டில் நிற்க, பின்பகுதி பள்ளத்தில் இறங்கும். படகு தான் எழுப்பிய அலையின் மேலேயே ஏற முயல்கிறது. அங்கிருந்து ஒவ்வொரு கூடுதல் நாட்டுக்கும் டீசல் கொட்ட வேண்டும்.

இந்த எல்லையை உடல் வேகம் என்று சொல்லலாம். படகின் உடல் சுலபமாக ஏற்றுக்கொள்ளும் உச்ச வேகம் அது. அதைக் கணக்கிடும் வழி எளிது. படகு மிதக்கும்போது நீரைத் தொடும் கோட்டின் நீளத்தை, அதாவது நீர்க்கோட்டு நீளத்தை, மீட்டரில் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வர்க்கமூலத்தை 2.43ஆல் பெருக்கினால் நாட்டில் விடை வரும். 9 மீட்டருக்கு 7.3 நாட். 12 மீட்டருக்கு 8.4 நாட். 16 மீட்டருக்கு 9.7 நாட். நீளமான படகு மலிவாக வேகம் பெறும் என்று படகோட்டிகள் சொல்வது இதனால்தான். இது கண்டிப்பான சட்டம் அன்று. மிகவும் ஒல்லியான உடல்கள் சிறிய அலையையே எழுப்புவதால் இந்த எல்லையைச் சுலபமாகத் தாண்டும். சாதாரண அகலமுள்ள வீட்டுப் படகுகளுக்கு இது நன்றாகவே பொருந்துகிறது.

இப்போது படகின் உடல் வடிவங்களை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது நீர்விலக்கு உடல். தன் எடைக்குச் சமமான நீரை எப்போதும் விலக்கிக்கொண்டே போகும். அடிப்புறம் உருண்டிருக்கும். பின்புறம் மேல்நோக்கி வளைந்திருக்கும். உடல் வேகத்துக்குள் மிகச் சிக்கனமாக ஓடும், அதைத் தாண்ட எவ்வளவு பெரிய எஞ்சினை வைத்தாலும் பயனில்லை. இரண்டாவது சறுக்கு உடல். அடிப்புறம் தட்டையாகவும் கூர்விளிம்போடும் இருக்கும். போதுமான சக்தி கிடைத்ததும் குளத்தில் விட்ட தவளைக்கல்லைப் போல நீரின் மேல் ஏறிப் பாயும். இருபது, இருபத்தைந்து நாட் சுலபம். ஆனால் எடை குறைவாக இருக்க வேண்டும், எஞ்சின் மிகப் பெரிதாக இருக்க வேண்டும். மூன்றாவது இடைநிலை உடல். முன்பகுதி உருண்டு, பின்பகுதி தட்டையாக இருக்கும். மெதுவாகவும் போகும், தேவைப்பட்டால் நிறைய டீசலை எரித்துப் பன்னிரண்டு, பதினைந்து நாட்டையும் எட்டும்.

இந்தக் கடலோரத்தில் டிராலர் என்று அழைக்கப்படும் உல்லாசப் படகுகளில் பெரும்பாலானவை உண்மையில் இந்த மூன்றாவது வகை. மீன்பிடி டிராலரின் தோற்றம் மட்டும் அவற்றுக்கு உண்டு. இவ்வகையில் புகழ்பெற்ற கிராண்ட் பேங்க்ஸ் 36, 1960களில் ஹாங்காங்கில் அமெரிக்கன் மரைன் நிறுவனம் மரத்தில் கட்டத் தொடங்கிய படகு. பிறகு அந்தப் பட்டறை சிங்கப்பூருக்கு இடம் மாறியது. 1973இலிருந்து ஃபைபர்கிளாஸில் வந்தது. அவற்றில் பலவற்றில் 120 குதிரைசக்தி ஃபோர்டு லேமன் டீசல் எஞ்சின் ஒன்றே இருந்தது. அந்த எஞ்சினோடு ஏழு, எட்டு நாட்டில்தான் அவை காலம் முழுவதும் ஓடின. இன்றும் ஓடுகின்றன. முழுமையான நீர்விலக்கு உடலுக்குச் சான்று வேண்டுமென்றால் ராபர்ட் பீபியின் படகைச் சொல்லலாம். அமெரிக்கக் கடற்படையில் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்ற அவர், பாசேஜ்மேக்கர் என்ற ஐம்பது அடிப் படகைத் தானே வடிவமைத்தார். 1963இல் சிங்கப்பூரில் கட்டி முடித்து, இந்தியப் பெருங்கடல் வழியாக கிரீஸ் வரை ஓட்டிச் சென்றார். பாய்மரத்தை நம்பாமல் சிறிய எஞ்சினால் பெருங்கடலைக் கடக்கலாம் என்று காட்டியது அந்தப் பயணம். வேகத்தைக் கைவிட்டதுதான் அதைச் சாத்தியமாக்கியது.

கணக்கைப் போட்டுப் பார்க்காமல் இதை நம்ப வேண்டியதில்லை. நீர்க்கோட்டு நீளம் 12 மீட்டர், சாமான்களோடு எடை 15 டன் என்று ஒரு படகை வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 10 கிலோவாட் மணி, அதாவது பத்து யூனிட், சக்தி அடங்கியிருக்கிறது. நல்ல டீசல் எஞ்சின் அதில் நான்கு யூனிட்டைச் சுழற்சியாக மாற்றித் தரும். மீதி வெப்பமாகப் போய்விடும். இந்தப் படகு 7 நாட்டில் போக ஏறத்தாழ 30 கிலோவாட் போதும். மணிக்கு ஏழரை லிட்டர். 1,000 மைலுக்கு 143 மணி நேரம். சுமார் 1,070 லிட்டர். அதே படகு 8 நாட்டில் போக 45 கிலோவாட் வேண்டும். மணிக்குப் பதினோரு லிட்டருக்கு மேல். மொத்தம் சுமார் 1,400 லிட்டர். ஒரே ஒரு நாட் கூடியதற்கு மூன்றில் ஒரு பங்கு டீசல் அதிகம். மிச்சமானது பதினெட்டு மணி நேரம். இனி, அதே நீளமும் எடையும் உள்ள இடைநிலை உடல் படகை 15 நாட்டில் விரட்டினால், 280 கிலோவாட் அளவு தேவைப்படும். மணிக்கு 70 லிட்டர். பயணம் 67 மணி நேரத்தில் முடிந்துவிடும். செலவான டீசல் 4,700 லிட்டர் அளவுக்குப் போயிருக்கும். இவை ஒரு மாதிரிப் படகுக்கான எண்கள். நீங்கள் பார்க்கும் படகுக்கு எண்கள் கொஞ்சம் மாறலாம். அவற்றுக்கு இடையிலான விகிதம் பெரிதாக மாறாது.

எதிர்த்திசையிலும் இதே கணக்கு வேலை செய்கிறது. 7 நாட்டிலிருந்து 6 நாட்டுக்கு இறங்கினால் டீசல் 1,070 லிட்டரிலிருந்து 800 லிட்டருக்கு இறங்குகிறது. ஒரு நாளைக்கு நாற்பது மைல் போகும் படகுக்கு இது ஒரு மணி நேரத் தாமதம்தான். ஆகவே சிக்கனம் வேண்டுபவருக்கு மிகப் பெரிய கருவி, எந்தப் படகிலும் ஏற்கெனவே இருக்கும் ஆக்ஸிலரேட்டர் நெம்புகோல்தான்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிட வேண்டும். பெரிய எஞ்சின் உள்ள படகு எப்போதும் அதிக டீசல் குடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். 7 நாட்டில் போகும்போது படகு கேட்பது 30 கிலோவாட்தான். 300 கிலோவாட் எஞ்சினாக இருந்தாலும் அது கொடுக்க வேண்டியது அவ்வளவே. பெரிய எஞ்சின் அவ்வளவு குறைந்த சுமையில் கொஞ்சம் திறன் குறைந்து ஓடும். இடைநிலை உடலின் தட்டையான பின்புறமும் மெதுவான வேகத்தில் நீரை இழுக்கும். இரண்டும் சேர்ந்து ஓரளவு நட்டம் உண்டு. ஆனாலும் வேகத்தைக் குறைத்ததால் வரும் லாபத்தின் முன்னால் அது சிறியது. நிஜமான சிக்கல் வேறு. டீசல் எஞ்சின் சூடாக, சுமையோடு ஓடவே வடிவமைக்கப்பட்டது. மாதக்கணக்கில் மிகக் குறைந்த சுமையில் ஓட்டினால் கரி படியும், சிலிண்டர் சுவர்கள் வழுவழுப்பாகி எண்ணெய் கசியும். அதனால்தான் அனுபவசாலிகள் பயண நாளின் முடிவில் சிறிது நேரம் எஞ்சினை அழுத்தி ஓட்டிச் சூடேற்றுகிறார்கள். தேவைக்கு ஏற்ற அளவில் எஞ்சினைத் தேர்ந்தெடுத்தால் இந்தக் கவலை இல்லை.

சிறிய எஞ்சின், உறுதியான உடல் என்ற இந்தப் பாதையை சியாட்டில் வட்டாரம் தன் வழியில் மீண்டும் கண்டுகொண்டது என்று சொல்லலாம். 1979 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு வேகப் படகுகளின் டீசல் செலவு எல்லோரையும் திகைக்க வைத்தது. 1980இல் சியாட்டில் படகுக் கண்காட்சியில் நார்டிக் டக்ஸ் நிறுவனம் துறைமுக இழுவைப் படகின் சாயலில் 26 அடி உல்லாசப் படகு ஒன்றைக் காட்சிக்கு வைத்தது. மெதுவாகப் போகும், கொஞ்சம் டீசல் போதும் என்பதே அதன் சிறப்பு. டிராலர்களோடு, டக் எனப்படும் இந்த இழுவைப் படகுச் சாயல் படகுகளும் இன்று இந்தக் கரையின் அடையாளமாகிவிட்டன.

நீளம் நல்லது என்றால் ஏன் எல்லோரும் நீளமான ஒல்லிப் படகு வாங்குவதில்லை? காரணம் கடலில் இல்லை, கரையில் இருக்கிறது. படகுத்துறைகள் படகின் நீளத்தைப் பார்த்தே வாடகை வாங்குகின்றன, அடிக்கு இவ்வளவு என்று. ஆகவே ஒரே நீளத்துக்குள் எவ்வளவு அறைகளைத் திணிக்கலாம் என்று உற்பத்தியாளர்கள் பார்க்கிறார்கள். படகு அகலமாகிறது, மாடி ஏறுகிறது, எடை கூடுகிறது. அகலம் அலைத் தடையைக் கூட்டும். மாடி காற்றைப் பிடிக்கும். விற்பனைக் காகிதத்தில் போட்டிருக்கும் மொத்த நீளத்தில் அணியத்தின் நீட்டமும் பின்னால் தொங்கும் நீச்சல் மேடையும் அடக்கம். வாங்குபவர் கேட்க வேண்டியது நீர்க்கோட்டு நீளத்தையும் முழுச் சுமையோடு உள்ள எடையையும். விற்பனையாளர்கள் பெரிதாகச் சொல்லாத எண்கள் இந்த இரண்டும்தான்.

இந்த வழியில் எரிபொருளைத் தீர்மானிக்கும் மற்றொரு பெரிய சக்தி கடலின் ஏற்றமும் வற்றமும். தீவுகளுக்கு இடையே உள்ள குறுகிய வாய்களில் ஓத நீர் ஆறாகப் பாய்கிறது. வான்கூவர் தீவை ஒட்டிய சீமோர் குறுவழியில் அது 15 நாட்வரை எட்டும். அங்கே நீருக்கடியில் இருந்த ரிப்பிள் ராக் என்ற பாறை பல கப்பல்களைப் பலி வாங்கியது. 1958 ஏப்ரல் 5 அன்று அதன் உச்சிக்குள் சுரங்கம் குடைந்து, 1,200 டன்னுக்கும் மேற்பட்ட வெடிமருந்தால் தகர்த்தார்கள். பாறை போனாலும் நீரோட்டம் போகவில்லை. 7 நாட் படகு அதை எதிர்த்துப் போக முடியாது. 20 நாட் படகும் அந்தச் சுழல்களுக்குள் போவது புத்திசாலித்தனம் அல்ல. ஏற்றம் வற்றமாக மாறும் இடைவேளையில் நீர் சிறிது நேரம் ஓய்ந்து நிற்கும். எல்லோரும் அந்த நேரத்தில்தான் கடக்கிறார்கள். அடுத்தடுத்து இருக்கும் பல வாய்களை ஒரே ஓய்வில் கடக்க நினைத்தால் வேகப் படகுக்கு அனுகூலம் உண்டு என்பதை மறுக்க முடியாது. மெதுவான படகு அடுத்த ஓய்வுக்காக ஏதாவது ஒரு குடாவில் நங்கூரமிட்டுக் காத்திருக்க வேண்டும்.

சாதாரண நீரோட்டத்திலும் இந்தக் கணக்கு முக்கியம். மூன்று நாட் நீரோட்டம் பின்னாலிருந்து தள்ளினால், 7 நாட் படகு தரையைப் பொறுத்தவரை 10 நாட்டில் போகும். எதிர்த்து வந்தால் 4 நாட். நாற்பது மைலுக்கு முதல் நிலையில் 30 லிட்டர், இரண்டாம் நிலையில் 75 லிட்டர். புறப்படும் நேரத்தைச் சில மணி நேரம் தள்ளி வைப்பதாலேயே பாதிக்கு மேல் மிச்சமாகிறது. எந்த நவீனக் கருவியும் இவ்வளவு தராது. ஆண்டுதோறும் வெளியாகும் நீரோட்ட அட்டவணை தரும். படகின் அடிப்புறத்தில் பாசியும் சிப்பியும் ஒட்டாமல் பார்த்துக்கொள்வதையும் இதே வரிசையில் வைக்கலாம். மெதுவான வேகத்தில் உராய்வே பெரும் தடை என்பதால், அழுக்கான அடிப்புறம் டீசலை நேரடியாகத் தின்கிறது.

ஓர் எஞ்சினா, இரண்டா? இந்த வட்டாரத்தில் படகுக்காரர்கள் சலிக்காமல் வாதிடும் கேள்வி இது. இரண்டு எஞ்சின் இருந்தால் ஒன்று நின்றாலும் மற்றது கொண்டுபோய்ச் சேர்க்கும். துறையில் திருப்புவதும் எளிது. மறுபக்கம், இரண்டு புரொப்பெல்லர்களும் அவற்றின் தண்டுகளும் நீரில் வெளிப்படையாகத் தொங்கும். கூடுதல் தடை தரும். ஒற்றை எஞ்சின் படகில் புரொப்பெல்லர் நடுவில், அடிப்புறத்தில் நீளவாட்டில் ஓடும் ஏராவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். இங்கே அது பெரிய பாதுகாப்பு. மரம் வெட்டும் தொழில் செழித்த கரை இது. தப்பிய கட்டைகள் கடலில் மிதக்கின்றன. நீர் ஊறி நெட்டுக்குத்தாக, தலை மட்டும் தெரியும்படி மிதக்கும் கட்டைகள் மிக ஆபத்தானவை. ஏரா முதலில் அடி வாங்கிக்கொள்ளும். டீசல் எஞ்சின் நின்றுபோவதற்கு அடிக்கடி காரணமாவது அழுக்கான எரிபொருள். ஒரே தொட்டியிலிருந்து ஊட்டப்படும் இரண்டு எஞ்சின்களையும் அது சேர்த்தே நிறுத்திவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். நல்ல இரட்டை வடிகட்டி, சுத்தமான தொட்டி, உதிரிப் பாகங்கள் இவற்றோடு ஓர் எஞ்சின் படகு நம்பகமாகவே ஓடுகிறது. துறையில் திரும்ப, அணியத்தில் பக்கவாட்டில் தள்ளும் சிறிய மின் புரொப்பெல்லர் ஒன்று பொருத்திவிட்டால் போதும்.

சுகம் என்ற சொல்லை விற்பனைக் காகிதங்கள் தோல் சோபாவோடு முடித்துவிடுகின்றன. கடலில் சுகத்தின் முதல் எதிரி உருளல், படகு இடமும் வலமும் சாய்ந்து சாய்ந்து ஆடுவது. இந்த வழியில் பெரும்பாலான நாட்கள் அமைதியான நீர்தான். இரண்டு இடங்களில் மட்டும் தீவுகளின் மறைப்பு விலகிவிடுகிறது. ஒன்று கேப் காஷன் முனையை ஒட்டிய குயின் சார்லட் சவுண்ட், மற்றொன்று அலாஸ்கா எல்லையில் உள்ள டிக்சன் வாய். அங்கே வடக்கே போகும் படகின் பக்கவாட்டில் பசிபிக்கின் நீண்ட அலைகள் வந்து மோதும். உருண்ட அடிப்புறம் உள்ள நீர்விலக்கு உடல் மெல்ல, ஆழமாக ஆடும். கூர்விளிம்புள்ள உடல் குறைவாகச் சாயும், ஆனால் வெடுக்கென்று திரும்பும். வயிற்றுக்கு எது கெடுதல் என்பது ஆளுக்கு ஆள் மாறுபடுகிறது.

ஆட்டத்தைக் குறைக்கப் பல வழிகள் உண்டு. உடலின் இருபுறமும் நீருக்குள் நீட்டி நிற்கும் துடுப்புகளைக் கணினி அசைத்துக் கொடுக்கும் முறை ஒன்று. படகு ஓடும்போது மிக நன்றாக வேலை செய்யும். இரண்டாவது சுழல்சக்கரம். வெற்றிடப் பெட்டிக்குள் கனமான சக்கரம் ஒன்று அதிவேகமாகச் சுழன்று சாய்வை எதிர்க்கும். நங்கூரமிட்டு நிற்கும்போதும் பயன்படும். ஆனால் சுழன்று வேகம் பெற அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், தொடர்ந்து மின்சாரமும் வேண்டும். மூன்றாவது பழையது, மேற்குக் கரையின் மீன்பிடிப் படகுகள் பயன்படுத்துவது. இருபுறமும் நீண்ட கம்பங்களை விரித்து, அவற்றிலிருந்து மீன் வடிவ எடைகளை நீருக்குள் தொங்கவிடுவார்கள். படகு சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்து எடை மேலே வர மறுக்கும். பழுதாக அதில் எதுவும் இல்லை, மின்சாரமும் வேண்டாம். கொஞ்சம் வேகத்தை எடுத்துக்கொள்ளும், எடைகளை இறக்கி ஏற்ற ஆள் பலம் வேண்டும். இங்கே கேட்க வேண்டிய கேள்வி, கோடை முழுவதிலும் திறந்த கடலில் எத்தனை மணி நேரம் இருக்கப் போகிறோம் என்பது. இரண்டு இடங்களைக் கடக்க மட்டும் என்றால், நல்ல வானிலைக்காக ஒரு நாள் காத்திருப்பதே மலிவான நிலைப்படுத்தி.

இரண்டாவது எதிரி குளிரும் ஈரமும். அலாஸ்காவின் கெட்சிகன் நகரில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. கோடையிலும் மழை விடுவதில்லை. ஆகவே இங்கே குளிர்சாதனத்தைவிட டீசலில் எரியும் ஹீட்டர் முக்கியம். முழு வீச்சில் எரிந்தாலும் மணிக்கு ஒரு லிட்டர் அளவில்தான் செலவாகும். முழுக்க மூடிய, நாலாபுறமும் கண்ணாடியுள்ள சுக்கான் அறை இங்கே ஆடம்பரப் பொருள் இல்லை. மிதக்கும் கட்டைகளைப் பார்த்துக்கொண்டே ஆறு மணி நேரம் உட்கார வேண்டியவர் வறண்ட, கதகதப்பான இடத்தில் இருந்தால்தான் கண் சோராது. அந்த அறையிலிருந்து பக்கத் தளத்துக்கு நேரடிக் கதவு இருந்தால், இருவர் மட்டும் உள்ள படகில் ஓட்டுபவரே இறங்கிக் கயிற்றைக் கட்ட முடியும். படிகள் குறைவாக இருப்பதும் வயதானவர்களுக்கு மாடியைவிட உதவும். எஞ்சின் சத்தத்தையும் மறக்கக் கூடாது. மெதுவாகப் போகும் படகில் நாள் முழுவதும் பேசிக்கொண்டு வரலாம் என்பது சாதாரண வசதி இல்லை.

பேட்டரியும் சூரியத் தகடும் உதவுமா என்று இப்போது பலர் கேட்கிறார்கள். கணக்கு நேர்மையான பதிலைத் தருகிறது. 30 கிலோவாட்டில் எட்டு மணி நேரம் ஓட 240 யூனிட் வேண்டும். கூரையில் ஒரு கிலோவாட் சூரியத் தகடு இந்த அட்சரேகையில் நல்ல கோடை நாளில் நான்கைந்து யூனிட் தரும். ஓடுவதற்கு அது ஈடாகாது. நங்கூரமிட்டு நிற்கும்போது குளிர்பெட்டி, விளக்கு, தண்ணீர் பம்பு இவற்றுக்குத் தாராளமாகப் போதும். ஜெனரேட்டரை ஓட்டாமல் ஒரு குடாவில் இரண்டு நாள் அமைதியாக இருக்க முடிவது பெரிய லாபம். அதைத் தாண்டி எதிர்பார்க்காமல் இருந்தால் ஏமாற்றம் இல்லை.

மெதுவான வேகத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. இந்த நீரில் வாழும் தென் கூட்டத்து ஓர்கா திமிங்கிலங்கள் எண்பதுக்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கின்றன. அவை ஒலியால் இரை தேடுகின்றன. படகுகளின் சத்தம் அந்தத் தேடலைக் குலைக்கிறது. 2025 ஜனவரியிலிருந்து வாஷிங்டன் மாநிலச் சட்டம் அவற்றிடமிருந்து 1,000 கெஜம் விலகியிருக்கச் சொல்கிறது. அரை கடல் மைலுக்குள் வந்துவிட்டால் 7 நாட்டுக்கு மேல் போகக் கூடாது. சிக்கனமான படகின் இயல்பான வேகமும் அதுதான்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், இருவர் கோடையில் இந்த வழியில் போய்வர 11 முதல் 13 மீட்டர் நீளமுள்ள, ஏராவுக்குப் பின்னால் புரொப்பெல்லர் மறைந்த, ஒற்றை டீசல் எஞ்சின் படகு பொருத்தமாகத் தோன்றுகிறது. கையில் இரண்டு மாதம் இருந்தால் நீர்விலக்கு உடல் போதும். விடுமுறை மூன்று வாரம்தான் என்றால், அலாஸ்காவரை போக ஆசையும் இருந்தால், இடைநிலை உடல் நியாயமான தேர்வு. பெரும்பாலும் ஏழு நாட்டில் ஓட்டி, வானிலை மாறும் முன் ஒரு வாயைக் கடக்க வேண்டிய நாளில் மட்டும் வேகம் கூட்டிக்கொள்ளலாம். தினமும் பதினைந்து நாட் வேண்டும் என்பவர் அதற்கான டீசல் செலவைத் தெரிந்தே ஏற்கிறார் என்றால் அதிலும் தவறில்லை. செலவு தெரியாமல் வாங்குவதுதான் வருத்தம் தரும்.

பணம் கொடுக்கும் முன் படகைக் கடலுக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பது வழக்கம். எரிபொருள் தொட்டியும் தண்ணீர்த் தொட்டியும் நிறைந்த நிலையில் போங்கள். காலிப் படகு பொய் சொல்லும். ஆறு, ஏழு, எட்டு நாட்டில் ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் ஓட்டி, எரிபொருள் அளவியைக் குறித்துக்கொள்ளுங்கள். நீரோட்டத்தின் தாக்கம் கழிய, எதிர்த்திசையில் திரும்பவும் ஒருமுறை ஓட்டிச் சராசரி எடுங்கள். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பக்கவாட்டில் அலை அடிக்க விட்டு, எவ்வளவு நேரத்தில் ஆடித் திரும்புகிறது என்று கவனியுங்கள். ஓடும்போது படுக்கையறையில் போய்ப் படுத்துச் சத்தத்தைக் கேளுங்கள். எஞ்சின் எண்ணெயின் மாதிரி ஒன்றை எடுத்துச் சோதனைக்கு அனுப்புங்கள். பிறகு குறித்த எண்களை அந்தந்த வேகத்தால் வகுத்து, உங்கள் கோடையின் மைல்களோடு பெருக்கிப் பாருங்கள்.